ஆட்டம் முடிந்ததும் கணக்கைக் கையில் கொடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கூடைப்பந்துத் தொடர்கள் நடத்தும் பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நாகர்கோவிலில் நடந்து முடிந்த பெண்கள் தொடரின் அரையிறுதி பற்றித்தான் எழுதுகிறேன். என்ன நடந்தது என்று விளக்க வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேர் அன்று கணக்கு எழுதும் மேசைப் பக்கம்தான் இருந்தீர்கள். தோற்றதற்காக எழுதவில்லை. தோற்றோம், சரி. நடுவர்கள்மீதும் குறையில்லை. மறுநாள் தேர்வுப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தபோது எங்கள் பிவட் (வளையத்தடியில் நின்று ஆடுபவர்) பிள்ளையின் பெயர் அதில் இல்லை. கேட்டதற்கு, "அவ பாயிண்டே போடலியே" என்றார்கள். அப்படியானால் ஸ்கோர் ஷீட்டையாவது காட்டுங்கள் என்றேன். "ஆட்டம் முடிஞ்சாச்சு, இனி அது எதுக்கு உமக்கு?" என்று ஒருவர். தேடி எடுத்துத் தருகிறேன் என்று இன்னொருவர். அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் போலும்.

நான் கேட்டது சலுகை இல்லை. ஃபீபா (உலகக் கூடைப்பந்து அமைப்பு) விதியிலேயே ஸ்கோர் ஷீட் ஒரு அசலும் மூன்று நகலும் கொண்டது. வெள்ளைத் தாள் ஃபீபாவுக்கு, நீலம் போட்டி நடத்துபவருக்கு, இளஞ்சிவப்பு வென்ற அணிக்கு, மஞ்சள் தோற்ற அணிக்கு. தோற்றவர்களுக்கும் ஒரு தாள் உண்டு என்று விதி எழுதியவர்களுக்கே தோன்றியிருக்கிறது. நாங்கள் அந்த மஞ்சள் தாளைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அந்தத் தாளும் பாதிக் கணக்குதான். யார் எத்தனை புள்ளி போட்டார், யாருக்கு எத்தனை பவுல் என்பது வரைக்கும்தான் அதில் இருக்கும். ரீபவுண்ட் (எறிந்து தவறிய பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (புள்ளி விழ வழிசெய்த பாஸ்), ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிரணி எறியும் பந்தைத் தடுப்பது), டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) எல்லாவற்றுக்கும் தனித் தாள் வேண்டும். அந்தத் தனித் தாளில்தான் எங்கள் பிள்ளையின் ஆட்டம் முழுக்க இருந்திருக்கும். எதிரணி எறிந்து தவறிய பந்தை எல்லாம் வளையத்தடியில் நின்று பிடித்துக் கொடுத்தவள் அவள். அந்தப் பந்துகளில் புள்ளி போட்ட இரண்டு பிள்ளைகள் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்க வேண்டியவர்கள்தான், அதில் எனக்கு வருத்தமில்லை.

புள்ளியை மட்டும் பார்த்து ஆளை எடைபோடுபவர்களுக்கு ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். 2017 பிப்ரவரி 10, மெம்பிஸ் அணிக்கு எதிராக கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வீரர் டிரேமண்ட் கிரீன் போட்டது வெறும் 4 புள்ளி. ஆனால் ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் மூன்றிலும் 10 அல்லது அதற்கு மேல். புள்ளியில் இரட்டை இலக்கம் தொடாமல் என்.பி.ஏ.வில் (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடர்) ஒருவர் டிரிப்பிள் டபுள் (மூன்று கணக்கில் இரட்டை இலக்கம்) எடுத்தது அதுவே முதல் தடவை. வாரியர்ஸ் ஜெயித்தது. அவர் நம் மாவட்டத்தில் ஆடியிருந்தால் மறுநாள் பட்டியலில் இருந்திருப்பாரா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதனால் வந்த கஷ்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பம் போட்டாள். படிவத்தில் கடைசியாக ஆடிய தொடர்களின் பெயர், பக்கத்தில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் என்று மூன்று கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உத்தேசமா ஒண்ணு போடட்டா சார்?" என்று கேட்டாள். வேண்டாம் மக்ளே என்றேன். மூன்று கட்டத்திலும் கோடு போட்டு அனுப்பினாள். அவளுடைய அம்மா கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலை) வேலை பார்க்கிறார். படிவத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "நான் உரிச்ச பருப்பு எத்தன கிலோன்னு அண்ணைக்கே நோட்டுல எழுதிருவாங்க. இவ ஆடுனத ஒருத்தரும் எழுதலியா?" என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.

போனில் வீடியோ இருக்குமே, பார்த்து எண்ணிக்கொள்ளலாமே என்று ஒரு சமாதானம் வந்தது. எடுத்தவர்கள் எல்லோரும் பந்து வளையத்தில் விழும்போதுதான் எடுத்திருக்கிறார்கள். அப்புறம் சார்ஜ் தீர்ந்துவிட்டது. 1962 மார்ச் 2 அன்று என்.பி.ஏ. வீரர் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி போட்டதற்குப் படச்சுருள் ஏதும் இல்லை. ஆனாலும் 63 எறிந்து 36 விழுந்தது, ஃப்ரீ த்ரோ (பவுலுக்காகத் தடுப்பாரின்றி எறிவது) 32இல் 28, ரீபவுண்ட் 25 என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. மேசையில் உட்கார்ந்து ஒருவர் எழுதியதால் வந்தது அது. பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரசலைப் பாருங்கள். 13 பருவத்தில் 11 கோப்பை, 21,620 ரீபவுண்ட். எத்தனை பிளாக் என்று கேட்டால் கணக்கே இல்லை. என்.பி.ஏ. பிளாக்கை எழுதத் தொடங்கியது 1973-74இல், அவர் ஓய்வு பெற்றது 1969இல்.

அணிக்கும் இது வேண்டும். 2018இல் என்.பி.ஏ. அணியான ஹூஸ்டன் ராக்கெட்ஸ் இறுதிச் சுற்றுக்குப் போகும் வாய்ப்பை முந்தைய சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் விட்டது ஏன் என்று கணக்கைப் பார்த்தாலே தெரியும்: 44 த்ரீ பாயிண்டரில் (தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்) 7தான் விழுந்தது, நடுவில் 27 அடுத்தடுத்துத் தவறின. நாங்கள் ஏன் தோற்றோம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமானால் எதை வைத்துச் சொல்வது? "கொஞ்சம் கவனமா ஆடியிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எனக்கே அலுத்துவிட்டது.

கணக்கு எழுத ஆள் இல்லை என்கிறீர்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. இங்கே ஒரு ஆட்டத்துக்குக் கோடு போட்டு எண்ண இரண்டு பேர் கிடைக்கவில்லை என்றால் நம்பச் சொல்கிறீர்களா? பொன்னாடை போர்த்தப் பத்துப் பேர் கிடைக்கிறார்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திவைக்க ஆள் இருக்கிறது. யார் யார் பொன்னாடை வாங்கினார்கள் என்ற பட்டியல் மட்டும் எப்படியோ ஒரு பெயரும் விடாமல் பத்திரிகைக்குப் போய்விடுகிறது, இன்ஷியலோடு. அந்தக் கவனத்தில் கால்வாசியை ரீபவுண்டுக்குக் கொடுத்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சில தொடர்களில் ஃபிளெக்ஸில் வீராங்கனைகளின் படமே இல்லை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

கோபத்தில் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காசையும் நேரத்தையும் போட்டுத் தொடர் நடத்துகிறவர்கள் உங்களில் பலர் என்பது எனக்குத் தெரியும். கேட்பது இவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட் நகலை இரண்டு அணிக்கும் கொடுங்கள். ரீபவுண்ட், அசிஸ்ட், டர்ன்ஓவர் எழுதிய தாளை அன்று மாலையே படமெடுத்துக் குழுவில் போடுங்கள். தேர்வுக்கு உட்காரும்போது அந்தத் தாள்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருங்கள். எது அசிஸ்ட், எது இல்லை என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும்தான். வரட்டும், எழுதியதை வைத்துச் சண்டை போடலாம். எழுதாததை வைத்து என்ன பேச?

எங்களிடம் ஆடி முடித்த அக்காமார் சிலர் காசில்லாமல் மேசையில் உட்கார்ந்து எழுதத் தயாராக இருக்கிறார்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத, ஆட்டத்துக்கு இரண்டு பேர் போதும். எங்கள் அணி ஆடும் ஆட்டத்தில் வேண்டாம், மற்ற ஆட்டங்களுக்கு உட்காரட்டும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தாளை நாங்களே அச்சடித்துக்கொண்டு வருகிறோம். அடுத்த தொடரின் தேதி முடிவானதும், யாரை எப்போது அனுப்ப வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

போன தொடரின் அரையிறுதித் தாள் கிடைத்தால் அதையும் தாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
கருங்கல் பக்கம் மாலை நேரத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கும் ஒருவன்