பட்டாளத்துச் சம்பளமும் பிள்ளையின் பங்கும்

தண்டையார்ப்பேட்டை

அன்புள்ள தோழிக்கு,

தடைக்காலம் முடிந்து காசிமேட்டில் படகுகள் கடலுக்குக் கிளம்பிவிட்டன. உன் கடிதத்தில் முழங்கால் வலிக்கு ஒரு வரி, பட்டாளத்துக் கணவரைப் பிரிந்து பிள்ளையோடு இருக்கும் அக்கா மகளுக்கு மூன்று பக்கம். மனசு எங்கே கிடக்கிறது என்று புரிகிறது. நேராக அவள் விஷயத்துக்கே வருகிறேன்.

'ஜீவனாம்சத்துக்குக் கோர்ட்டில் ஆர்டர் வாங்கினால் சம்பளத்தில் பிடித்துத் தந்துவிடுவார்கள்' என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். கம்பெனி வேலைக்காரர் என்றால் சரி. பட்டாளத்துக்காரரிடம் அது அப்படியே நடக்காது. 1950-ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 28-வது பிரிவு, சிவில் கோர்ட் அவர் சம்பளத்தை ஜப்தி செய்வதைத் தடுக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 91-வது பிரிவின் கீழ் (அதிகாரி என்றால் 90) மனைவி, குழந்தையின் பராமரிப்புக்கு ராணுவமே சம்பளத்தில் பிடித்து அனுப்ப முடியும். மனைவிக்கு 22 சதவீதம் வரை, ஒரு குழந்தைக்கு 5.5 சதவீதம், மொத்தம் 33-ஐத் தாண்டாது. ஆகவே கோர்ட் ஒரு பக்கம், ராணுவம் ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

ராணுவத்துக்குப் போகும் மனு அவர் யூனிட்டின் தலைமை அதிகாரியான கமாண்டிங் ஆபீசருக்குப் பதிவுத் தபாலில் போகட்டும். நகல், அவருடைய பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு. மாப்பிள்ளை மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. ஆர்மி நம்பர், ரேங்க், யூனிட் மூன்றும் பிழையில்லாமல் இருக்கணும். கல்யாணப் பதிவு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், அவள் பாஸ்புக் நகல் வைக்கணும். கல்யாணம், பிறப்பு போன்ற குடும்ப விவரங்களை ராணுவம் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டரில் குழந்தை பெயர் ஏறியிருக்கிறதா என்று இப்போதே எழுதிக் கேட்கச் சொல். பெயர் ஏறாமல் இருப்பது பின்னால்தான் தெரியவரும். அப்போது அலைச்சல் அதிகம். யூனிட்டில் முதலில் சமாதானம் பேசுவார்கள், பிறகு சம்பளத்தில் ஏன் பிடிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு அவருக்கு ஷோ காஸ் நோட்டீஸ் போகும். மாதங்கள் ஓடும். அதற்காகக் கோர்ட்டை நிறுத்தி வைக்கக் கூடாது.

கோர்ட்டில் ஜீவனாம்ச மனு இப்போது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவில் (பழைய சட்டத்தில் 125, 2024 ஜூலை 1 முதல் மாறியது). நோட்டீஸ் அவருக்குச் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் இடைக்கால உத்தரவு கூடியவரை வரணும். 2020-இல் ரஜ்னேஷ்–நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தரணும், பணம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு என்று சொல்லிவிட்டது. அவள் தையலில் சம்பாதிப்பதையும் எழுதட்டும். மறைத்தால் அவள் சொல்லும் மற்றதையும் நம்ப மாட்டார்கள். அவருடைய பே ஸ்லிப்பில் கையில் வரும் தொகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிராவிடன்ட் ஃபண்டில் அதிகமாகக் கட்டினால் அந்தத் தொகை சுருங்கிவிடும். பேசிக், மிலிட்டரி சர்வீஸ் பே, டி.ஏ. எல்லாம் சேர்ந்த மொத்தத்தைக் காட்டச் சொல்.

நாள் வீணாவது பெரும்பாலும் சம்மனில்தான். ஊர் வீட்டு முகவரிக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடும். கமாண்டிங் ஆபீசர் வழியாகச் சம்மனைச் சேர்ப்பிக்க மனுவிலேயே கேட்கணும். அவர் களப்பணியில் இருந்தால் 1925-ஆம் வருட இந்தியச் சிப்பாய்கள் (வழக்குகள்) சட்டப்படி வழக்கைத் தள்ளி வைக்கலாம். அதைத் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். லீவு சான்றிதழோடு வந்தால், அந்த லீவுக்குள் விசாரணை முடியும்படி கோர்ட் முயலணும் என்றும் ராணுவச் சட்டம் சொல்கிறது. அது இவளுக்கும் நல்லதுதான்.

பிள்ளைக்கு நாலு வயசு. ஐந்து முடியும்வரை சாதாரணமாகத் தாயிடம்தான். அதற்குப் பிறகு தானாகத் தகப்பனுக்குப் போய்விடாது. பிள்ளை நலனே அளவுகோல். பிள்ளை வசிப்பது இங்கே என்பதால், பிள்ளை யாரிடம் இருக்கணும் என்று கேட்கும் காப்பாளர் மனுவைச் சென்னையிலேயே போடலாம். அவர் வேலை பார்க்கும் பத்தான்கோட்டுக்கு ஓட வேண்டாம். ஆனால் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: 'மாதம் இரண்டு சனிக்கிழமை பார்க்கலாம்' என்ற வழக்கமான வரியை வக்கீல் எழுதினால் ஒத்துக்கொள்ளக் கூடாது. எல்லையில் நிற்பவருக்கு அது பிள்ளையே இல்லை என்று சொன்ன மாதிரி. ஜவானுக்கு வருடத்தில் 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. லீவில் வரும்போது இத்தனை நாள், இத்தனை நாள் முன்னால் தகவல், வாரம் ஒருமுறை வீடியோ கால் இந்த நேரத்தில் என்று எண்ணோடு எழுதணும்.

பரஸ்பர சம்மத விவாகரத்து பேசினால், மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு பிள்ளையின் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கும் வரியில் கையெழுத்துப் போடவே கூடாது. அது பிள்ளையின் உரிமை, அவள் விட்டுக்கொடுக்க முடியாதது. விவாகரத்து ஆனபின் குடும்ப ஓய்வூதியம் அவளுக்குக் கிடையாது, பிள்ளைக்கு உண்டு. தீர்ப்பின் சான்றிட்ட நகலை யூனிட்டுக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கும் அனுப்பி, தபால் ரசீதை வைத்துக்கொள்ளட்டும்.

வக்கீல் பீஸுக்கு வளையலை அடகு வைக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் வக்கீலை நியமிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அவளை ஃபைலோடு இங்கே அனுப்பு. மனுக்களை உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டு, திங்கள் காலை தண்டையார்ப்பேட்டையில் மெட்ரோ ஏறி ஹைகோர்ட்டில் இறங்கிவிடலாம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை மட்டும் மறக்க வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
உன் தோழி