கெணத்துல விட்ட கெளுத்தி பாலாத்துக்கு போயிடுச்சு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

குடியாத்தம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதுறேன். கொஞ்சம் நெலம், ஒரு கெணறு, நாலு மாடு, மத்தபடி சின்ன வயசுல இருந்து தூண்டில் போடுறது, அவ்வளவுதான் நம்ம பொழப்பு. மழைக்கு முன்னாடி ஏரி வரத்து கால்வாய தூர் வாரணும்னு வருஷா வருஷம் யாராவது உங்க பேப்பருக்கு எழுதுறாங்க, அது சரிதான், ஆனா அந்த தண்ணியோட சேந்து போற ஒரு வெளிநாட்டு மீன பத்தி யாரும் எழுதி நான் பாக்கல. அத நான் எழுதணும், ஏன்னா அதுல என் தப்பும் இருக்குது.

2019ல, வெயில் காலம் முடியற நேரம், டிவிஎஸ் 50ல பெரிய பிளாஸ்டிக் பையில தண்ணி கட்டிகினு ஒருத்தர் மீன் குஞ்சு வித்துகினு வந்தாரு. பேரு ஊரு எதுவும் தெரியாது. "பெரிய கெளுத்திண்ணா, ஆறு மாசத்துல கிலோ வரும், தண்ணி கெட்டாலும் சாவாது, கோழிக்கடை கழிவு கொட்டுனா போதும்"னு சொன்னாரு. கெணத்துல தண்ணி கீழ கெடந்துச்சு, சும்மாதானே இருக்குதுன்னு 200 குஞ்சு வாங்கி விட்டுட்டேன். அவர் சொன்ன மாதிரியே வளந்துச்சு, பொய் சொல்லல. கோழி குடல் ஒரு பக்கெட் கொட்டுனா கெணறே கொதிக்கிற மாதிரி மேல வரும், எங்க பொண்ணு பயந்து கெணத்து பக்கமே போறத நிறுத்திட்டா. கொஞ்சம் புடிச்சி வித்தோம், கொஞ்சம் சாப்ட்டோம், ருசி ஒண்ணும் பெருசா இல்ல, அப்பால வேலை மும்முரத்துல அத மறந்தே போயிட்டேன்.

அதுதான் நம்ம நாட்டுல தடை பண்ணி இருக்குற ஆப்பிரிக்க கெளுத்தின்னு அப்ப எனக்கு தெரியாது. "தாய் மாகூர்"னும் சொல்லி விக்கிறாங்க.

அப்புறம் 2021 நவம்பர் வந்துச்சு. அந்த மழைய வேலூர்க்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. மோர்தானா அணை ரொம்பி கௌண்டன்யா ஆத்துல வெள்ளம் போயி குடியாத்தத்துல கரையோர வீட்டுக்குள்ள எல்லாம் தண்ணி, பாலாத்துல ரெண்டு கரையும் தொட்டுகினு தண்ணி, 1903ல வாணியம்பாடிய அழிச்ச வெள்ளத்துக்கு அப்புறம் இதுதான்னு பெரியவங்க பேசிகினாங்க. எங்களுக்கு சந்தோஷமாதான் இருந்துச்சு, எத்தினி வருஷம் வெறும் மணலா பாத்த ஆறு. எங்க ஏரியும் ரொம்பி வழிஞ்சி கோடி போச்சு. என் கெணறு வாய் வரைக்கும் ரொம்பி வழிஞ்சி, வரப்ப தாண்டி, ஓடை வழியா ஏரிக்கு போச்சு, ஏரில இருந்து கோடி வழியா அடுத்த ஏரிக்கு, அங்க இருந்து ஆத்துக்கு. நம்ம ஊரு ஏரி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சங்கிலி மாதிரி கட்டினதுன்னு எல்லாருக்கும் தெரியும், மேல் ஏரி கோடி போனா கீழ் ஏரி ரொம்பும், தண்ணி போற வழிதான் மீனுக்கும் வழி. கெணத்துல அன்னிக்கு எத்தினி மீன் மிச்சம் இருந்துச்சு, எத்தினி போச்சுன்னு கணக்கு சொல்ல முடியல.

அடுத்த வருஷம் மாசி மாசம், ஆத்துல தேங்குன மடுவுல ராத்திரி தூண்டில் கட்டிட்டு உக்காந்திருந்தேன், கெளுத்திக்கு ராத்திரிதான் நேரம். மூங்கில் கழி, மயிலிறகு காம்பு தக்கை, மண்புழு. தக்கை ஆடக்கூட இல்ல, ஒரே இழுப்பா கழிய இஸ்துகினு போச்சு. ஆத்துவாளைன்னு நெனச்சேன், மனசு துள்ளுச்சு, ஏன்னா எங்க நைனா காலத்துல புடிச்ச வாளைய நான் புடிச்சதே இல்ல. கரைக்கு வந்ததும் டார்ச் அடிச்சி பாத்தா கருப்பா, தலை தட்டையா, ஓடு மாதிரி கெட்டியா, நாலு ஜோடி மீசையோட கெடக்குது. மூணு கிலோ வந்துச்சு. ஈர சாக்குல போட்டு வீட்டுக்கு எடுத்துகினு போனேன், காத்தால எட்டு மணிக்கு பாத்தா அதுல உயிர் இருக்குது! அதுக்கு செவுள் மேல மரக்கிளை மாதிரி ஒரு உறுப்பு இருக்குது, அதால காத்த நேரா இழுக்கும், சேத்துல கெடக்கும், மழை ராத்திரில ஈர தரைமேல ஊர்ந்து அடுத்த குட்டைக்கும் போகும்.

வயித்த கிழிச்சி பாத்தேன். ரெண்டு கெண்டை, ஒரு தவளை, நண்டு ஓடு, விரக்கடை அளவு ஒரு விரால் குஞ்சு. அந்த விரால் குஞ்ச பாத்ததும் எனக்கு மனசு ஒடிஞ்சி போச்சுங்க. பக்கத்து வீட்டு தாத்தா ஏரில வலை வீசியே வாழ்ந்தவரு, அவர் வந்து பாத்துட்டு "இது நம்ம ஊரு சாதி இல்லடா, எவனோ கொண்டாந்து விட்டிருக்கான்"னாரு. அந்த எவனோ நான்தான்னு அன்னிக்கு அவர்கிட்ட என்னால சொல்ல முடியல, இந்த லெட்டர் வழியாதான் சொல்றேன்.

எங்க அக்கா பையன் அமெரிக்கால ஜார்ஜியா மாநிலத்துல வேலை பாக்குறான். அவனுக்கும் நம்ம ரத்தம், லீவு நாள்னா தூண்டிலோட ஆத்துக்கு போயிடுவான். அவன்கிட்ட போன்ல இத சொன்னப்ப அவன் ஒரு போட்டோ அனுப்புனான், ஒரு ஆள் இடுப்பு ஒசரத்துக்கு ஒரு கெளுத்தி, தலை அகப்பை மாதிரி சப்பையா, கீழ் தாடை மேல் தாடைய தாண்டி நீட்டிகினு இருக்குது. பிளாட்ஹெட் கெளுத்தின்னு பேராம், நாம தட்டைத்தலை கெளுத்தின்னு சொல்லலாம். 1998ல கான்சாஸ்ல எல்க் சிட்டின்னு ஒரு நீர்த்தேக்கத்துல 123 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 56 கிலோவுக்கு ஒண்ணு புடிச்சி, அதுதான் உலக ரெக்கார்டா இருக்குது. மத்த கெளுத்தி மாதிரி அழுகுனது கழிவு எல்லாம் அது அவ்வளவா தேடாது, பெருசானா உயிரோட நீந்துற மீனதான் முக்கியமா திங்கும், அதனால அத புடிக்கிறவங்க உயிர் மீன முள்ளுல கோத்து, தண்ணிக்குள்ள சாஞ்சி கெடக்குற மரத்து ஓரமா, ராத்திரில போடுவாங்களாம். சில மாநிலத்துல வெயில் காலத்துல ஆளுங்க தண்ணிக்குள்ள எறங்கி, பொந்துல முட்டைக்கு காவல் இருக்குற மீன வெறும் கையாலயே அது வாய்க்குள்ள கை விட்டு புடிப்பாங்களாம், கேக்கவே உடம்பு சிலிர்க்குது.

ஆனா அவன் சொன்ன முக்கியமான விஷயம் வேற. அந்த மீனுக்கு சொந்த ஊர் மிசிசிப்பி ஆறும் அத சேந்த ஆறுங்களும், அங்க அது மரியாதையான மீன், ஆசையா புடிக்கிறாங்க. அதையே ஜார்ஜியால கெழக்கு பக்கம் கடலுக்கு போற அல்டமாஹா ஆத்துல 1970கள்ல கொண்டாந்து விட்டாங்க, யாரோ நல்லா புடிக்கலாம்னு ஆசைப்பட்டு விட்டதுதான். அங்க நெஞ்சு செவப்பா, உள்ளங்கை அகலத்துல ஒரு மீன் உண்டு, சனங்க உசுரா நெனைக்கிற மீன், நம்மளுக்கு கெளுத்தி கொழம்பு மாதிரி வெச்சிக்கோங்களேன். அந்த மீனும், அந்த ஆத்துக்கே சொந்தமான சின்ன கெளுத்திங்களும் மளமளன்னு கொறஞ்சி போச்சு. அப்பால 1990கள்ல சடில்லான்னு இன்னொரு ஆத்துலயும் அது தென்பட்டுச்சு, உடனே அந்த மாநிலத்து ஆளுங்க போட்ல போயி தண்ணிக்குள்ள கரண்ட் விட்டு, மீன் மயங்கி மேல வந்ததும் அள்ளி எடுக்க ஆரம்பிச்சாங்க. வருஷக்கணக்கா எடுக்குறாங்க, இன்னும் முழுசா ஒழிக்க முடியல. (இத படிச்சிட்டு இங்க யாரும் ஏரில ஒயர் போட்டுடாதீங்க, அது குத்தம், ஆளும் போயிடும், அங்க அதுக்குன்னே படிச்சவங்க அதுக்குன்னு செஞ்ச போட்ல பண்றது.)

அவ்வளவு காசு, அவ்வளவு மெஷின் இருக்குற ஊர்லயே ஒரு ஆத்துல விட்ட மீன திரும்ப எடுக்க முடியலன்னா நம்ம பாலாறு என்னா ஆகும்னு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. பாலாறு ஏற்கனவே தோல் தொழிற்சாலை கழிவுல நொந்தது, 1996ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி தீர்ப்பு வாங்குன ஆறு, மணலயும் அள்ளியாச்சு. எப்பவோ ஒரு வாட்டி தண்ணி வருது, அந்த தண்ணிலயும் நாம விட்ட பேய் மீன் இருந்தா என்னா பண்றது.

ஜிலேபி மீன் கதைய நாம பாத்தோமே. அதுவும் ஆப்பிரிக்கா மீன்தான், 1952ல நம்ம நாட்டுக்கு கொண்டாந்தாங்க, ஏழைக்கு மலிவா மீன் கெடைக்கட்டும்னு நல்ல எண்ணத்துலதான். குஞ்ச வாயிலயே வெச்சி காப்பாத்துற மீன், சீக்கிரம் பெருகிடும். இன்னிக்கு எந்த ஏரில தூண்டில் போட்டாலும் பத்துக்கு எட்டு ஜிலேபி, சின்ன பசங்க கெளுத்தி எதுன்னு கேக்குறாங்க. ஆனா ஜிலேபியாவது பாசிய தின்னும். இந்த ஆப்பிரிக்க கெளுத்தி வாயில அடங்குற எதையும் விடாது, ஒன்றரை மீட்டர் வரைக்கும் வளரக்கூடிய சாதி, மழை தண்ணி பரவுன புல்லுக்குள்ள ஆயிரக்கணக்குல முட்டை வெக்கும். நம்ம மீனுங்களும் அதே நேரம் அதே எடத்துக்குதான் வரும், புதுத்தண்ணி வந்தா ஏத்து மீன் ஏறுமே, அங்கயேதான் இதுவும் நிக்கும்.

நாட்டு கெளுத்தி, தேளி, விரால், குரவை, ஆரல், அயிரை, உளுவை இதெல்லாம் பேரா ஒண்டி மிஞ்சிடக் கூடாது. எங்க அம்மா வெக்குற கெளுத்தி கொழம்பு, மாங்கா போட்டு, மண்சட்டில, முந்தின நாளே வெச்சி மறுநாள் களிக்கு ஊத்தி சாப்டுறது, அதுக்கு அந்த விரல் நீள நாட்டு கெளுத்திதான் வேணும். தேளி முள்ளு குத்தி ராத்திரி முழுக்க கை கடுத்து அழுதது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குது, நைனா சுடுதண்ணில கைய வெக்க சொன்னாரு, அந்த தேளிய நான் பாத்து பல வருஷம் ஆகுது.

அதனால மூணு நாலு விஷயம் கேட்டுக்குறேன். இப்ப புரட்டாசி, ஐப்பசி மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். கெணத்துலயோ குட்டைலயோ இந்த ஆப்பிரிக்க கெளுத்தி வெச்சிருக்குறவங்க மழைக்கு முன்னாடியே மோட்டார் போட்டு தண்ணிய எறைச்சி புடிச்சிடுங்க, சும்மா வலை வீசுனா சேத்துக்குள்ள போயிடும், தண்ணி அடிமட்டத்துக்கு வரணும். நம்ம நாட்டு கெளுத்திக்கு முதுகு துடுப்பு சின்னதா முள்ளோட முன்னாடி ஒண்ணு, பின்னாடி சதையா ஒண்ணு இருக்கும். ஆப்பிரிக்க கெளுத்திக்கு தலைக்கு பின்னால இருந்து வால் கிட்ட வரைக்கும் ஒரே நீள துடுப்பு, உடம்பு கருப்பா சில நேரம் திட்டு திட்டா இருக்கும். தேளிக்கு முதுகு துடுப்பு ரொம்ப குட்டி, அத போட்டு கொன்னுடாதீங்க. பங்காஸ்னு ஒண்ணு பண்ணைல வளக்குறாங்க, அது வேற, இது வேற. தூண்டில்ல ஆப்பிரிக்க கெளுத்தி மாட்டுனா பாவம்னு திரும்ப தண்ணில விடாதீங்க. ஏரி மீன் ஏலம் விடுறப்ப என்னா குஞ்சு விடணும், எது விடக்கூடாதுன்னு தெளிவா எழுதி, விடுற அன்னிக்கு ஊர்க்காரங்க ரெண்டு பேர் நின்னு பாக்கட்டும். நான் இத சொல்லி ஒரு ஆபீஸுக்கு போனேன், எழுதி குடுத்துட்டு போங்கன்னாங்க, குடுத்துட்டு வந்தேன், அதுக்கப்புறம் சேதி இல்ல. உங்க பேப்பர் போட்டோவோட போட்டா நாலு ஊர் பாக்கும், காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி பெரிய ஏரிங்களுக்கு தண்ணி வர ஆறும் இதே பாலாறுதான், அங்க இருக்குற மீனவங்களும் கண்டுபுடிச்சி எடுப்பாங்க.

என் கெணத்துல போன ஞாயித்துக்கெழமை தண்ணிய எறைச்சோம். பதினாலு மீன் கெடைச்சது, பெருசு அஞ்சரை கிலோ. அடில பாறை இடுக்குல இன்னும் ரெண்டு மூணு இருக்குதுன்னு தோணுது, கலங்கல் ஆடிகினே இருந்துச்சு, அதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு, ஊத்து தண்ணி ஏறிடுச்சு. வர ஞாயிறு பக்கத்து நெலத்து ஆயில் எஞ்சினையும் கேட்டு வாங்கி ரெண்டுமா சேத்து எறைக்க போறோம்.

இப்படிக்கு,
உங்க பேப்பர 22 வருஷமா படிக்கிற ஒரு விவசாயி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்