ஹெக்சோகைனேஸ்-2 வைரஸ் வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

செல்லில் குளுக்கோஸைக் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாக மாற்றும் நொதி ஹெக்சோகைனேஸ்-2. அதன் மரபணுவை அடக்கும் ஹேர்பினை, அதாவது சிறு ஆர்என்ஏ துண்டை, செல்லுக்குள் கொண்டுபோக நாங்கள் தரும் லென்டிவைரஸைப் பற்றி ஒரு பேச்சு ஆய்வகத்துக்கு ஆய்வகம் பரவுகிறது. "நொதி குறையவில்லை" என்றால் சரி, பார்த்துக்கொள்ளலாம். "குழாயில் வைரஸே இல்லை" என்கிறார்களே, அதைத்தான் விட்டுவிட முடியவில்லை.

வந்த புகார்களோடு இணைத்திருந்தவை பெரும்பாலும் 340 நானோமீட்டர் ஒளியில் எடுத்த நொதிச் செயல்பாட்டு அளவீடுகள். அந்தச் சோதனை குளுக்கோஸ்-6-பாஸ்பேட் உருவாவதை மட்டுமே பார்க்கும். அதை உருவாக்கியது எந்த ஹெக்சோகைனேஸ் என்று அதற்குத் தெரியாது. ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஹெக்சோகைனேஸ்-1 இருக்கிறது. உங்கள் செல்லில் அதன் பங்கு பெரிது என்றால், 2 முழுக்க அடங்கினாலும் அளவீட்டுக் கோடு பெரிதாக அசையாது. புரதங்களை எடைப்படி பிரித்துப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டிலும் இதே வம்புதான்: இரண்டும் சுமார் 102 கிலோடால்டன், ஒரே இடத்தில் பட்டை விழும். 2-ஐ மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும். எம்ஆர்என்ஏவை (புரதம் செய்வதற்கான செய்தியை) அளக்கும் கியூபிசிஆரின் பிரைமரும் அப்படியே.

எத்தனையாவது நாள் என்பதையும் பாருங்கள். ஹேர்பின் அழிப்பது எம்ஆர்என்ஏவை மட்டும்தான். ஏற்கெனவே உருவான புரதம் தானாகச் சிதையும்வரை இருக்கும். 72 மணி நேரத்தில் எம்ஆர்என்ஏவை அளங்கள், ஐந்து முதல் ஏழு நாளில் புரதத்தை. மூன்றாம் நாளே பிளாட் ஓட்டிவிட்டு எங்களைத் திட்டினால் எப்படி?

ஒரு தவறு எங்களுடையது. கையேட்டில் 'எம்ஓஐ 3' (ஒரு செல்லுக்குச் சராசரியாக மூன்று வைரஸ் அலகு) என்று போட்டோம். செல்லை எப்போது எண்ணுவது என்று எழுதவில்லை. முந்தின நாள் விதைத்த 50,000 செல் மறுநாள் ஒரு லட்சமாகியிருக்கலாம். வைரஸ் சேர்க்கும் நாளில் வளர்ப்புத் தட்டின் ஒரு குழியிலுள்ள செல்லைப் பிரித்து எண்ணுங்கள். ஒரு லட்சம் செல், மில்லிலிட்டருக்கு ஒரு கோடி அலகு டைட்டர் (வைரஸின் செறிவு) என்றால் 30 மைக்ரோலிட்டர் வைரஸ் சேர்க்க வேண்டும். எம்ஓஐ 3-இல் 95 சதவீதச் செல்லுக்கு வைரஸ் கிடைக்கும். முந்தின நாளின் 50,000-ஐ வைத்துக் கணக்கிட்டால் எம்ஓஐ 1.5, கிடைப்பது 78 சதவீதம்தான். டைட்டர் நாங்கள் அளப்பது 293டி என்ற, வைரஸ் எளிதில் நுழையும் செல் வகையில். மிதக்கும் செல்லுக்கும் முதல்நிலைச் செல்லுக்கும் கூடுதலாகவே தேவைப்படும்.

வைரஸ் கிடைக்காத மிச்சச் செல்லைப் பியூரோமைசின் என்ற மருந்து கொன்றுவிடும், அளவு சரியாக இருந்தால். வைரஸ் படாத செல்லில் மில்லிலிட்டருக்கு 1 முதல் 10 மைக்ரோகிராம் வரை வைத்துப் பார்த்து, மூன்று நாளில் எல்லாம் சாகும் மிகக் குறைந்த அளவை எடுங்கள். வைரஸ் செல்லில் ஒட்ட உதவும் பாலிபிரீன் மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் போதும். செல் சுருங்கினால் 4. ஒப்பீட்டுக்கு எந்த மரபணுவையும் தாக்காத ஸ்கிராம்பிள் வைரஸ் ஒன்றும், அதே மரபணுவின் வேறு இடத்தைத் தாக்கும் இரண்டாவது ஹேர்பினும் இல்லாமல் முடிவு சொல்லாதீர்கள்.

உருக்கியதைத் திரும்ப உறைய வைத்தால் ஒவ்வொரு முறையும் வைரஸில் ஒரு பகுதி சாகும். அதனால், உங்கள் வசதிக்காகவே, இனி ஒரு குழாயில் 200-க்குப் பதில் 100 மைக்ரோலிட்டர் வரும், விலை பழையதுதான்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் எங்களிடமே வாங்கி, பிளாட் படத்தை நேரே அனுப்பிக் கேட்டவர்களுக்கு மனமார்ந்த நன்றி. கையேட்டைத் திருத்தியதே உங்கள் கேள்விகளால்தான். ஐயம் இருந்தால் தொகுதி எண், செல் எண்ணிய நேரம், ஆன்டிபாடியின் பெயர் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதே தொகுதியில் நாங்கள் எடுத்து வைத்திருக்கும் குழாயை மறுபடி டைட்டர் பார்த்துச் சொல்கிறோம்.