தூணைப் பார்த்து நிமிர்ந்தவர்

திருகோணமலை

அன்பின் ராசன்,

நலம், நலமறிய ஆவல். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் உப்புவெளிப் பக்கம் சைக்கிளில் போனால் வாயெல்லாம் புழுதி. அப்படியும் ஒரு நோயாளியின் வீட்டுக்குச் சிகிச்சை கொடுக்க விடாமல் போய்வருகிறேன். அதைத்தான் உனக்கு எழுத வேண்டும்.

கரைவலைச் சம்மாட்டி, வலையின் சொந்தக்காரர் ஒருவர். மூளையின் வலப்பக்கத்தில் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கட்டிலில் உட்கார வைத்தால் இடப்பக்கமாகச் சரிந்துவிடுவார். இடுப்பிலும் காலிலும் பலமில்லை என்று நானே முடிவுகட்டி, ஒரு கிழமை முழுக்க அதற்கான பயிற்சியைத்தான் கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. "அப்பா பிடிவாதம் பிடிக்கிறார்" என்று மகன் வருத்தப்பட்டார்.

எட்டாம் நாள்தான் அவருடைய நல்ல கையைக் கவனித்தேன். அது மெத்தையில் ஊன்றி, உடம்பை இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. நான் நிமிர்த்த நிமிர்த்த இன்னும் பலமாகத் தள்ளினார். பலமில்லாதவர் சரிவார், தள்ளமாட்டார் அல்லவா? பிசியோதெரபி நிபுணர் பட்ரீசியா டேவிஸ் 1985இல் விவரித்த 'புஷர்' நிலை, அதாவது விழுந்த பக்கமாகத் தன்னைத் தானே தள்ளுகிற நிலை! பரீட்சைக்கு நாம் விழுந்து விழுந்து பாடமாக்கியதுதான். கண்முன்னே இருந்தபோது எனக்குத் தெரியவில்லையே என்று அன்றிரவு நித்திரையே வரவில்லை.

இவர்களுக்கு எது நேர் என்ற உடம்பின் உணர்வு பிழைத்துவிடுகிறது. ஆனால் கண் பார்க்கிற நேர் பிழைப்பதில்லை. சரி, கண்ணையே பிடித்துக்கொள்வோம் என்று அவரை விறாந்தைத் தூணுக்கு எதிரே உட்காரவைத்தேன். "ஐயா, தூண் நேராக நிக்குதா? நீங்கள்?" என்று கேட்டேன். கனநேரம் பார்த்துவிட்டு, "தூண் நேர்தான் தம்பி, நான்தான் சரிஞ்சிருக்கிறன்" என்றார். அப்புறம் நான் அவரைப் பிடித்துத் தள்ளவே இல்லை. வலை பொத்துகிற ஊசியை வலப்பக்கம், எட்டினால்தான் எடுக்கக்கூடிய தூரத்தில் வைத்தேன். அதை எடுக்கப் போனபோது அவருடைய பாரம் தானாகவே வலப்பக்கம் வந்தது. வெறும் பயிற்சியென்றால் பத்துத் தடவையோடு அலுத்துப்போகிறவர், ஊசிக்காக ஐம்பது தடவை எட்டினார். இப்போது தூணைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் தனியே இருக்கிறார். நேற்று எழுந்தும் நின்றார்.

அயலவர்கள் உதவிக்கு வந்து இடது கையைப் பிடித்துத் தூக்குவதை நிறுத்தத்தான் பெரும்பாடு. தளர்ந்த தோளை இழுத்தால் மூட்டு இறங்கி நோவு வந்துவிடும் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டேன்.

போன கடிதத்தில் எழுதினாயே, கையைப் பாவிக்கவே மாட்டேன் என்கிற அம்மா. அவருக்குத் தோள் நோவா, தொடு உணர்வு இல்லையா, அல்லது அந்தப் பக்கமே கவனத்தில் இல்லையா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. சாப்பிடும்போது கோப்பையில் அந்தப் பக்கத்துச் சோறு மிஞ்சுகிறதா என்று ஒருநாள் இருந்து பார். பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
குமார்