டீச்சரம்மாவுக்கு ஒரு பட்ஜெட் கடிதம் (2025 இறுதி)

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. இது எங்களுக்குத் திருத்த மதிப்பீட்டுக் காலம், அதாவது நடப்பு வருஷத்து பட்ஜெட்டை நடுவில் திரும்பக் கணக்குப் போடும் காலம், மேசையில் கோப்புகளுக்கு நடுவே டிபன் டப்பாவை வைக்க இடம் தேடும் காலம், அதனால்தான் பதில் இவ்வளவு தள்ளிப்போனது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. சின்னவன் நீட் எல்லாம் வேண்டாம், பி.காம். போதும் என்று சொல்லிவிட்டான் என வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். எனக்கென்னவோ பிள்ளை தெளிவாகத்தான் இருக்கிறான் என்று பட்டது. நாலு வருஷம் கழித்து அவனைக் கோட்டைப் பக்கம், எங்கள் தலைமைச் செயலகத்துக்கு அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம், கடைசி வரியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே: "பட்ஜெட்டில் சொல்கிற பணம் பள்ளிக்கூடம் வந்து சேர ஏன் இத்தனை நாள், நடுவில் உட்கார்ந்து நீ என்னதான் செய்கிறாய்?" ஏட்டி, என் வேலை தொடங்குவதே உன்னிடம்தான். வருஷா வருஷம் புலம்பிக்கொண்டே ஒரு நம்பர் ஸ்டேட்மென்ட் நிரப்பி அனுப்புகிறாய் இல்லையா, ஒப்பளித்த பணியிடம் எத்தனை, ஆள் இருப்பது எத்தனை, அடிப்படைச் சம்பளம் என்ன என்று, அது மாவட்டத்தில் ஒன்றாகி, இயக்ககத்தில் ஒன்றாகி, செயலகத்தில் உங்கள் துறை பார்த்து, கடைசியில் நிதித் துறையில் எங்கள் மேசைக்கு வருகிறது. வரும்போது கொஞ்சம் பருத்துத்தான் வரும். ஒரு துறையை எடுத்துக்கொள் (எதென்று கேட்காதே), காலியாகக் கிடக்கும் பணியிடமெல்லாம் ஏப்ரல் 1 அன்று காலையிலேயே நிரம்பிவிடும் என்ற நம்பிக்கையில் முழுச் சம்பளமும் கேட்டிருப்பார்கள். போன வருஷமும் இதே நம்பிக்கைதான். நாங்கள் கருவூலத்தில் செப்டம்பர் வரை ஏறிய செலவை எடுத்து, முந்தைய வருஷங்களின் கணக்கோடு வைத்துப் பார்த்து, இவ்வளவு போதும் என்று குறைப்போம். உடனே போன் வரும். கஞ்சப் பிசினாறி என்ற பெயர் எனக்கு அப்படி வந்ததுதான்.

குறைக்க முடியாத இடங்கள்தான் அதிகம். அகவிலைப்படியை எடுத்துக்கொள். 2025 ஜூலையிலிருந்து 55 சதவீதம் 58 ஆனது, நீயும் நானும் சந்தோஷப்பட்டோம். அந்த 3 சதவீதத்துக்கு ஆண்டுக்கு 1,829 கோடி ரூபாய் கூடுதல் செலவு, ஊழியர், ஆசிரியர், ஓய்வூதியர் என்று சுமார் 16 லட்சம் பேர் இருக்கிறோமே. வட்டி இன்னும் மோசம். 2025-26 பட்ஜெட்டில் மாநிலத்தின் வருவாய் வரவு 3,31,000 கோடிக்குக் கொஞ்சம் மேல், அதில் வட்டிக்கு மட்டும் 70,000 கோடிக்கு மேல் போகிறது. அதோடு சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்தால் வருவாயில் பாதிக்கு மேல் யாரும் பேசுவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடும். இத்தனைக்கும் பிறகு 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறை. மீதியில்தான் நாங்கள் சண்டை போடுகிறோம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். டிவியில் பெரிய எழுத்தில் ஓடும் தொகையை நம்பாதே என்று சொல்லவில்லை, அது எத்தனை மாதத்துக்கு அல்லது எத்தனை வருஷத்துக்கு என்று கேள். 2023 மார்ச் பட்ஜெட்டில் மகளிர் உரிமைத் தொகைக்கு 7,000 கோடி என்றார்கள். திட்டம் தொடங்கியது செப்டம்பர் 15. செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதம், ஒரு கோடிப் பேர், தலைக்கு ஆயிரம், பெருக்கிப் பார். அடுத்த வருஷம் அதே திட்டத்துக்கு 13,720 கோடி ஆனபோது எங்கள் அண்ணன் "ஒரே வருஷத்தில் இரண்டு மடங்காக்கிவிட்டார்கள்" என்று குதித்தார். தலைக்கு அதே ஆயிரம்தான் அண்ணா, பன்னிரண்டு மாதம் வந்திருக்கிறது, ஆட்களும் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்னொரு 7,000 கோடி உங்கள் துறையுடையது, 2022-ல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம். அது ஐந்து வருஷத்துக்கு. முதல் 7,000 ஏழு மாதத்தில் கரைந்த பணம், இரண்டாவது 7,000 வருஷா வருஷம் துண்டு துண்டாக வரும் பணம். பேப்பரில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எங்கள் பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் நாலு கட்டம் இருக்கும். 2025-26 புத்தகம் என்றால் 2023-24 கணக்கு, 2024-25 பி.ஈ. (பட்ஜெட் மதிப்பீடு), 2024-25 ஆர்.ஈ. (திருத்த மதிப்பீடு), அப்புறம் 2025-26 பி.ஈ. எல்லாரும் கடைசிக் கட்டத்தைத்தான் படிக்கிறார்கள். எனக்கு முதல் கட்டம்தான் பிடிக்கும், அதுதான் உண்மையில் செலவானது. நடுவில் இருக்கும் பி.ஈ.யும் ஆர்.ஈ.யும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தாலே அந்த வருஷம் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். 2024-25ல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு மத்திய அரசு 2,152 கோடியை விடுவிக்கவில்லை, மாநிலம் தன் பணத்தைப் போட்டுச் சம்பளம் கொடுத்தது. அரசியலை நீ உன் வீட்டுக்காரரோடு பேசிக்கொள். எங்களுக்கு அது வரவுப் பக்கம் ஒரு பள்ளம், செலவுப் பக்கம் ஒரு கூடுதல், இரண்டையும் மார்ச்சுக்குள் எங்கிருந்தாவது நிரவ வேண்டும்.

பள்ளிக் கட்டடத்துக்கு இன்னும் சில படிகள் உண்டு. உங்கள் சம்பளம் 2202 என்ற கணக்குத் தலைப்பில் வரும், கட்டடம் 4202. சம்பளம் மாதம் பிறந்தால் போயே ஆகவேண்டும். கட்டடத்துக்கு சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை (ஒரு துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்ற கோரிக்கை) நிறைவேறி, தனியாக அரசாணை வந்து, பொதுப்பணித் துறை எஸ்டிமேட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி கிடைத்து, டெண்டர் முடிந்து, வேலை நடந்து, பில் போட்டால்தான் பணம் நகரும். சில சமயம், வருஷ நடுவில் கூடுதலாகக் கேட்கும் துணை மதிப்பீட்டில் வெறும் ஆயிரம் ரூபாய் டோக்கனாக வைத்திருப்பார்கள். ஆயிரம் ரூபாயில் செங்கல்கூட வாங்க முடியாதே என்று சிரிக்காதே, பட்ஜெட்டில் முன்பு இல்லாத புதுப் பணி என்பதால் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும், பணம் அதே மானியத்தில் மிச்சமானதிலிருந்து வரும். எனக்கு அந்த ஆயிரத்தின் மேல் ஒரு தனிப் பிரியம்.

மார்ச் 31க்குள் செலவாகாதது காலாவதி. அதனால்தான் வருஷம் முழுக்கத் தூங்கிய கோப்பெல்லாம் மார்ச்சில் ஓடி வரும். தணிக்கைத் துறை வருஷா வருஷம் இதை எழுதுகிறது, சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு விளக்கம் கேட்கிறது, மார்ச் மார்ச்சாகவே இருக்கிறது.

வருகிற 2026-ல் சட்டமன்றத் தேர்தல் வேறு. 2021-ல் நடந்ததைப் போல பிப்ரவரியில் ஓர் இடைக்கால பட்ஜெட், ஆட்சி அமைந்த பிறகு முழு பட்ஜெட் என்று இரண்டு முறை எல்லாவற்றையும் போட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆகையால் ஆகஸ்டுவரை என்னைக் கல்யாணம், காதுகுத்து எதற்கும் எதிர்பார்க்காதே. உன் மூத்தவளுக்கு மட்டும் தேதி குறிக்குமுன் ஒரு போன் போடு, மார்ச் மட்டும் வேண்டாம்.

உன் பள்ளிக்கூடக் கட்டட விஷயத்தில் ஒன்று செய். அறிவிப்பைச் சொல்லி யாரிடமும் கேட்காதே, அரசாணை எண்ணும் தேதியும் கேள். எண் இருந்தால் எனக்கு அனுப்பு, இப்போது எந்தப் படியில் நிற்கிறது, நபார்டு (ஊரக வளர்ச்சி வங்கி) கடனில் வருகிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன். எண்ணே இல்லை என்று சொன்னால், பெற்றோர்களிடம் இந்த ஜூனில் திறப்போம் என்று வாக்குக் கொடுத்துவிடாதே. அப்புறம், நம்பர் ஸ்டேட்மென்டில் காலியிடத்தைக் காலி என்றே எழுது தாயே.

அன்புடன்,
உன் கோட்டைக்காரி