செண்பகத்தின் மூக்குத்தியைக் கண்டுபிடித்தவர்களுக்கு

என் காமிக்ஸ் புத்தகமான செண்பகத்தின் 96 பக்கங்களும் போன வெள்ளிக்கிழமை சிவகாசிக்கு அச்சுக்குப் போய்விட்டன. அசதி தீருவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வேலை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2011-ல் வரைந்த கதை இது. ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒரு பெண், அவள் தம்பி, காணாமல் போன ஒரு தகரப் பெட்டி. பரணிலிருந்து பழைய அட்டைகளை இறக்கிப் பிரித்த அன்று வெட்கமாகப் போய்விட்டது. விரல்கள் எல்லாம் முருங்கைக்காய்! மொத்தத்தையும் புதிதாக வரைந்துவிடுவது என்று தாள்கூட வாங்கிவிட்டேன். கடைசியில் புதிதாக வரைந்தது 35 பக்கம்தான். மீதி 61 பக்கம் தப்பித்தது உங்களால்.

முதலில், ஆட்கள் பேசுவதைக் காட்டும் பலூன்களுக்குள் கையெழுத்தில் வசனம் எழுதித் தந்த அக்கா. அவர் என் படங்களைப் பார்க்கவே இல்லை. பலூன் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக வாய்விட்டுப் படித்தார். 14-ஆம் பக்கத்தில் விரல் நின்றது. "இவ கேக்கறதுக்கு முன்னாடியே அவன் ஏன்டா பதில் சொல்றான்?"

பதில் சொல்கிற தம்பியை இடது ஓரத்தில் நிறுத்தியிருந்தேன். கேள்வி கேட்கிற செண்பகம் வலது பக்கம். கண் இடமிருந்து வலமாகத்தானே போகும்! 'பக்கம் ஓட மாட்டேங்குது' என்று அந்தக் காலத்தில் சிலர் சொன்னது அன்றைக்குத்தான் புரிந்தது. படத்தில் கோளாறில்லை, ஆள் நின்ற இடத்தில்தான் கோளாறு. பல பக்கங்களில் முதலில் பேசுபவரின் பலூனை மேலே ஏற்றி, பதிலைக் கீழே இறக்கியதோடு வேலை முடிந்தது. இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். நம் சொற்கள் நீளம். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதை ஒல்லி பலூனுக்குள் அடைத்தால் மூன்றாக உடைந்து தொங்கும். வசனத்தைப் பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டு, மிச்ச இடத்தில் ஆளை வரை என்றார். நான் இத்தனை காலம் அதைத் தலைகீழாகச் செய்துவந்தேன். பழைய பக்கங்களில் பாதிப் பேருக்கு நெற்றியில் பலூன் இடித்துக்கொண்டு நிற்பது அதனால்தான்.

அப்புறம் எதிர்வீட்டுத் தம்பி, ஏழாம் வகுப்பு. "அங்கிள், இந்த அக்காவோட மூக்குத்தி ஏன் இங்கயும் அங்கயும் போகுது?" எடுத்துப் பார்த்தால் பதினோரு கட்டங்களில் வலது மூக்குத்தி இடது மூக்கில் இருக்கிறது. சோம்பேறித்தனம்தான், வேறென்ன. ஒருமுறை வரைந்த முகத்தை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் இடவலமாகத் திருப்பி ஒட்டியிருக்கிறேன். ஆட்டோவின் நம்பர் பிளேட்டைத் திருத்த மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது!

பெரிய மாமா தன் பீரோவைத் திறந்துவிட்டார். 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்களை அந்துருண்டை வாசனையோடு காப்பாற்றி வருபவர். வீட்டுக்குத் தர மாட்டார். அவர் திண்ணையில் உட்கார்ந்துதான் புரட்ட வேண்டும், காபி டம்ளர் ஒரு முழம் தள்ளி இருக்க வேண்டும். அந்த இதழ்களின் நாயகன் இரும்புக்கை மாயாவியைப் பல வருஷம் கழித்துப் பார்த்தேன். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்துபோகும், கை மட்டும் மிஞ்சும். அந்த ஒரு கையை வைத்தே ஆள் யாரென்று சொல்லிவிடலாம். வீட்டுக்கு வந்து செண்பகத்தையும் அவள் தம்பியையும் முழுக்கக் கறுப்பு மையால் நிரப்பிப் பார்த்தேன். யார் அக்கா, யார் தம்பி? வரைந்த எனக்கே தெரியவில்லை. அவளுக்குப் பெரிய கொண்டையும் தோளில் துண்டும் வந்தது அன்று ராத்திரிதான். தம்பியைத் தொடவில்லை. பழைய பக்கங்களிலும் முகத்தை அப்படியே விட்டு, கொண்டையையும் துண்டையும் மட்டும் மை வைத்துச் சேர்த்தேன். அதற்கே ஒரு வாரம் ஆயிற்று.

அச்சக அண்ணன், மெல்லிய கோடுகளை நெருக்கிப் போட்ட என் நிழல்களெல்லாம் அச்சடிக்கிற தாளில் மை பரவி ஒரே கறையாகிவிடும் என்று வாயால் சொல்லவில்லை. ஒரு தாளை ஓட்டிக் கையில் கொடுத்தார். கறைதான். ஆறு ஃபாரமும் (ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம்) கறுப்பு மை மட்டும் என்று ஆனதில் பட்ஜெட்டும் கையைக் கடிக்கவில்லை.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டு விழும். சாப்பாட்டு மேஜையை நாலு மாதம் விட்டுக்கொடுத்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

புத்தகம் வந்ததும் எல்லோருக்கும் ஒரு பிரதி வந்து சேரும். தம்பி, உன் பிரதிக்குள் மட்டும் ஒரு பென்சில் செருகியிருப்பேன்.

அன்புடன்,
செண்பகத்தை வரைந்தவன்