பேரிஜத்துக்கு அப்பால் போன சாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நல்லா இருக்கிறாயா? இங்கே மூன்று நாளாக விடாத சாரல். அம்மா ஸ்வெட்டரை எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பாதிதான் பதில் சொன்னேன். செயற்கைக்கோள் படத்தில் கொடைக்கானலில் இருந்து மேற்கே ஒரு கோடு போகிறது, பேரிஜம் ஏரியைத் தாண்டுகிறது, காட்டுக்குள் மங்கலாகி அப்புறம் கேரளத்துப் பக்கம் மறுபடி தெரிகிறது, அது என்னப்பா என்று கேட்டாய். "பழைய ரோடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். நீ ரோடு டிசைன் செய்கிற வேலையில் இருப்பவள், உனக்கு அந்தப் பதில் போதாது. எனக்கும் அதைச் சொல்லிவிட்டுத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் கடிதம். போனில் என்றால் நடுவில் நிறுத்திவிடுவேன்.

அது கொடைக்கானல் - மூணாறு சாலை. மாநில நெடுஞ்சாலை எண் 18 என்று கணக்கில் இருந்தது. மொத்தம் 81 கிலோமீட்டர். இன்றைக்கு நாம் மூணாறு போக வேண்டுமானால் மலையை விட்டு முழுக்க இறங்கி, பெரியகுளம், தேனி, போடி என்று வெயிலில் சுற்றி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகப் போகிறோம். 160 கிலோமீட்டருக்கு மேல். பழைய சாலையில் சமவெளிக்கே இறங்க வேண்டாம். மலை மேலேயே புறப்பட்டு மலை மேலேயே போய்ச் சேரலாம். வந்தரவு மலைக்குக் கீழே அது சுமார் 2,480 மீட்டர் உயரத்தைத் தொட்டது. தென்னிந்தியாவில் அவ்வளவு உயரத்தில் போன சாலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வழியைச் சொல்கிறேன், உன் படத்தோடு ஒப்பிட்டுப் பார். தூண்பாறைப் பக்கம் போகிற ரோட்டில் மோயர் பாயிண்ட் வரும், இப்போது வனத்துறை கேட் இருக்கிற இடம். அங்கிருந்துதான் அந்தச் சாலை பிரிகிறது. தொப்பி தூக்கிப் பாறை, மதிகெட்டான் சோலை, அப்புறம் பேரிஜம் ஏரி. இதுவரை நீயும் வந்திருக்கிறாய், எட்டாவது படிக்கும்போது பெர்மிட் வாங்கிக் கூட்டிக்கொண்டு போனேன். ஏரிக்கு அப்பால் மரியன் சோலை, அதற்கும் மேலே வந்தரவு. அதைத் தாண்டினால் மாநில எல்லை. அங்கிருந்து பாம்பாடும் சோலைக்குள் இறங்கினால் ஒரு பக்கம் கோவிலூர், வட்டவடை. இன்னொரு பக்கம் டாப் ஸ்டேஷன், எல்லப்பட்டி, குண்டளை, மாட்டுப்பெட்டி, மூணாறு.

டாப் ஸ்டேஷன் என்ற பெயரைக் கேட்டதும் என்ன ஸ்டேஷன் என்று நீ கேட்பாய். நிஜமாகவே ரயில்தான். மூணாறிலிருந்து அதுவரை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக முதலில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908 வாக்கில் இரண்டடி அகலத்தில் குறுகிய ரயில் பாதையாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கும், அந்த இடத்துக்குப் பெயர் பாட்டம் ஸ்டேஷன். அதற்கப்புறம் மாட்டு வண்டியில் போடி. 1924 ஜூலையில் பெரிய வெள்ளம் வந்தது, மலையாள ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். அதில் அந்த ரயில் பாதை மொத்தமாகப் போயிற்று. திரும்பப் போடவே இல்லை. ஆலுவாவிலிருந்து பூயம்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறுக்கு வந்த பழைய ரோடும் அதே மழையில் மலை சரிந்து அழிந்தது. இப்போது எல்லோரும் போகிற நேரியமங்கலம் வழி அதற்குப் பிறகு வந்தது. அங்கே பெரியாற்றின் மேல் பாலம் 1935இல் திறந்தார்கள். அந்த மலைகளில் ஒரு பாதை போனால் இன்னொரு பாதை வரும். நம்முடைய சாலைக்கு மட்டும் அப்படி ஒன்று வரவில்லை.

அதன் ஆரம்பம் ரொம்பப் பழையது. ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி 1860களில் இந்த மேல்மலை முழுக்கச் சுற்றிப் படம் வரைந்தார். பேரிஜம் பக்கத்தில் அவர் தங்கிய இடத்துக்கு ஃபோர்ட் ஹாமில்டன் என்று பெயர், ஆனால் கோட்டை ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்துக் குதிரைத் தடம்தான் பிறகு அகலமானது. கோஷன் சாலை என்றும் அதற்குப் பெயர் உண்டு, 1924 முதல் 1929 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் கோஷன். 1942இல் ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டபோது, சென்னை விழுந்தால் வெள்ளைக்காரர்கள் மலைமேல் ஏறிக் கொச்சிக்குத் தப்பிக்க வழி வேண்டும் என்று இந்தச் சாலையைச் சீர்படுத்தினார்கள். அதனால் 'எஸ்கேப் ரோடு' என்ற பெயர் ஊரில் நிலைத்துவிட்டது. தாத்தா அப்போது சின்னப் பையன். லாரிகள் வரிசையாகப் போனதைப் பார்த்ததாகச் சொல்வார். ஆனால் தப்பித்து ஓட யாருக்கும் அது தேவைப்படவில்லை. நம்மைப் போன்றவர்கள்தான் அதில் போனோம், உருளைக்கிழங்கு மூட்டைக்கும் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும்.

தாத்தா ரோட்டு வேலை பார்த்தவர் என்று உனக்குத் தெரியும். எந்த ரோடு என்று நான் சொன்னதில்லை. இந்த ரோடுதான். மோயர் பாயிண்டிலிருந்து பேரிஜம் வரை ஒரு பகுதி அவர் கேங்கின் பொறுப்பு. ஐப்பசி பிறந்தால் வீட்டில் அவரைப் பார்க்க முடியாது. கடப்பாரை, மண்வெட்டி, ஒரு சாக்குக் கொங்காணியோடு போய்விடுவார். விழுந்த மரத்தை அறுப்பது, சரிந்த மண்ணை அள்ளுவது, எல்லாவற்றுக்கும் மேலே பக்க வாய்க்காலைத் திறந்து வைப்பது. ஒரு சிறுபாலம் இலை அடைத்து ஒரு ராத்திரி நின்றால் போதும், தண்ணீர் ரோட்டின் மேல் ஏறி விளிம்பை அறுத்துவிடும், காலையில் பாதி ரோடு பள்ளத்தில் கிடக்கும் என்பார். உனக்கு இது பாடப்புத்தகத்தில் வந்திருக்கும். அவர் அதைக் காலில் அட்டை கடித்த தழும்போடு தெரிந்துகொண்டார்.

அந்தச் சாலைக்கு இருந்த கஷ்டமே அதுதான், பாப்பா. கொடைக்கானல் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை. மூணாறு பக்கம் ஆனி ஆடியில் கொட்டுகிற தென்மேற்கு மழை. வருஷத்தில் ஏதாவது ஒரு முனை உடைந்துகொண்டே இருக்கும். செலவு நிற்காது. நடுவில் மாநில எல்லை. இந்தப் பக்கத்தைச் சரி செய்தாலும் அந்தப் பக்கமும் செய்தால்தான் வண்டி போகும். முன்பு சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும், 1956 நவம்பர் 1க்குப் பிறகு தமிழ்நாடும் கேரளமும். தேவிகுளம், பீர்மேடு தமிழர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியதும், அவை கேரளத்தோடே நின்றதும் உனக்குத் தெரியும். எல்லைத் தகராறு, பராமரிப்பு யார் பொறுப்பு என்ற இழுபறி, காட்டுக்குள் மரக்கடத்தல், எல்லாம் சேர்ந்து 1990இல் சாலையை மூடிவிட்டார்கள். வழியில் பெரிய ஊர் எதுவும் இல்லை என்பதால் கேட்பதற்கும் ஆள் இல்லை. அந்த வருஷமே தாத்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

சரி, இப்போது நான் போனில் விட்ட மீதியைச் சொல்கிறேன்.

உன் கோவிலூர் அத்தையை நீ மொத்தம் இரண்டு முறை பார்த்திருப்பாய். அவள் எனக்கு அக்கா மட்டுமில்லை, என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். 1972இல் அவள் கல்யாணம். அன்றைக்கு நாம் மதுரை மாவட்டம், அவள் புகுந்த ஊர் அந்த வருஷம்தான் புதிதாக உண்டான இடுக்கி மாவட்டம். எனக்கு 13 வயது. பெண்ணை அனுப்பி வைக்க இரண்டு ஜீப்பில் போனோம். நான் பின்னால், சீர் பாத்திர மூட்டைக்கும் ஸ்பேர் டயருக்கும் நடுவில். அக்கா பேரிஜம் வரை அழுதாள், அப்புறம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஏற்றத்தில் ஜீப் சூடாகி நின்றபோது டிரைவர் ஓடையில் தண்ணீர் பிடித்து ரேடியேட்டருக்கு ஊற்றினார். புல்வெளியில் காட்டுமாடுகள் ஒரு முப்பது நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. வந்தரவில் இறங்கி நின்றோம். தாத்தா கிழக்கே கையை நீட்டி, "அந்தப் பக்கம் நம்ம வீடு" என்று அக்காவுக்குக் காட்டினார். மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவள் வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அந்த ரோடுதான் எங்களுக்கு உறவு. காலையில் இங்கே கிளம்பிய ஜீப்பில் இடம் கிடைத்தால் மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். அந்த ஊர்க்காரர்கள் மதுரைப் பக்கமிருந்து ஏறிப் போனவர்கள் என்பதால் பேச்சும் பழக்கமும் நம்முடையதுதான். அவள் பூண்டு கொடுத்தனுப்புவாள், இங்கிருந்து பேரிக்காயும் பிளம்ஸும் போகும். பிரசவம் இரண்டுக்கும் அந்த வழியாகத்தான் கூட்டி வந்தோம்.

மூடிய பிறகு மூன்றாவது வருஷம், நீ கைக்குழந்தை, உன் மாமா தவறிப் போனார். தகவல் வந்தபோது மாலை ஐந்து மணி. மூடிய அந்த நேர் வழியில் சுமார் ஐம்பது கிலோமீட்டர். இறங்கி ஏறினால் 200 கிலோமீட்டரைத் தாண்டும். பிறந்த வீட்டுக் கோடி நான்தான் கொண்டுபோக வேண்டும், தாத்தாவால் நடக்க முடியவில்லை. கடையைத் திறக்கச் சொல்லிச் சேலை வாங்கினேன். ராத்திரி பஸ் மாறி மாறி, போடியில் விடியும் வரை காத்திருந்து, மூணாறில் ஜீப் கிடைக்காமல் நின்று, நான் கோவிலூர் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் சாயங்காலம். எடுத்து முடித்திருந்தார்கள். நேரமாகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என் இடத்தில் நின்று கோடி போட்டிருந்தார். அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "சாப்பிட்டியாடா?" என்றுதான் கேட்டாள். அந்தச் சேலையை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை, அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

அதன்பிறகு எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சம். தூரம், லீவு இல்லை, உன் படிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நின்றுவிட்டேன். யார் கேட்டாலும் "ரோடு மூடிட்டாங்க" என்பேன். ரோடு மூடியது உண்மைதான். ஆனால் தேனி வழி திறந்துதானே இருந்தது.

அந்த ரோட்டைத் திரும்பத் திறக்கலாமே, இப்போது தொழில்நுட்பம் இருக்கிறதே என்றாய். திறக்கச் சொல்லி ஊரில் மனு எழுதியபோது நானும் கையெழுத்துப் போட்டவன்தான். இன்றைக்குப் போட மாட்டேன். 2003இல் பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவானது. 2013இல் நம் பக்கம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். போன வருஷம் பேரிஜம் போயிருந்தேன். ஏரிக்கு அப்பால் தாத்தா காலத்துச் சாலையை எட்டிப் பார்த்தேன், நடுவில் புல் முளைத்திருக்கிறது, அதில் புதிய யானை லத்தி கிடந்தது. பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் பேரிஜத்திலிருந்துதான் போகிறது. ஏற்கெனவே வாட்டில், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டுப் பாதிப் புல்வெளியை அழித்துவிட்டோம். சீசனில் நம் ஊரில் நிற்கிற கார் வரிசையை நீயே பார்த்திருக்கிறாய். அந்த வரிசை பேரிஜம் தாண்டி வந்தரவு வரை நின்றால் என்ன மிஞ்சும் என்று யோசி.

ஆனால் உன் அத்தை இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். போன மாதம் போனில், "நீ டவுன்ல இருந்துக்கிட்டு காடு காடுங்கிற. இங்க ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா மூணாறு போறதுக்குள்ள உசுரு போயிரும். ரோடு இருந்தா நான் காலைல வந்து உன்னைப் பாத்துட்டுச் சாயங்காலம் திரும்பியிருப்பேன்" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். நம் பக்கத்து மலைக் கிராமமான கிளாவரையிலிருந்து இன்றும் கோவிலூருக்கு நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் யானைக்காக நடங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இதற்கு உன் படிப்பில் ஏதாவது பதில் இருந்தால் எனக்கு எழுது, ஆம்புலன்சுக்கு மட்டும் திறக்கிற மாதிரி ஏதாவது. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு இப்போது வேண்டியது ஒன்றுதான். தை மாதம் நான்கு நாள் லீவு எடு. தேனி, போடி, பூப்பாறை, மூணாறு, டாப் ஸ்டேஷன், கோவிலூர் என்று முழுச் சுற்றும் சுற்றியே போவோம். அக்காவுக்கு இப்போது 72 வயது, முட்டி வலி, இங்கிருந்து யூகலிப்டஸ் தைலம் எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சேலை இன்னும் பீரோவில் இருக்கிறது. அதை இத்தனை வருஷம் கழித்துக் கொடுக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா கூடாது என்கிறாள். புதிதாக ஒன்று எடுக்கலாம், அதை நீ தேர்ந்தெடு. அத்தைக்கு அரக்கு நிறம் பிடிக்கும்.

டிக்கெட் எடுத்ததும் தேதி சொல். மூணாறிலிருந்து கோவிலூருக்கு ஜீப் நான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா